‘ர’ என்னும் எழுத்தின் பக்கம்

கண்ணகியின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சாரம் பகுதியில், எங்கள் மணிமொழி நகருக்குள் திரும்பும் முனையில், மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் இடையே பத்தடி அகலத்தில் அமைந்த கடை அது. அதன் கண்ணாடிக் கதவில், உள்ளே நடக்கும் வேலைகள் மட்டும் வரிசையாக எழுதி ஒட்டப்பட்டிருக்கும். ‘மனு டைப் பண்ணலாம். ஜெராக்ஸ் எடுக்கலாம். பரீட்சை ரிசல்ட் பார்க்கலாம். ரேஷன் கார்டுல பேர் மாத்த என்ன வேணும்னு கேக்கலாம். சும்மாவும் கேக்கலாம்.’

எங்கள் குடியிருப்போர் மன்றத்தின் ஆண்டு மலருக்காக, நம் பகுதியில் வாழும் ஒருவரைப் பற்றி எழுதித் தருமாறு செயலாளர் என்னைக் கேட்டார். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரையோ பரிசு பெற்ற மாணவி ஒருத்தியையோ நான் தேர்ந்தெடுப்பேன் என அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் கண்ணகியைத் தேர்ந்தெடுத்தேன். இந்தக் கட்டுரையில் என் பெயரும் வரும். அது பெருமைக்குரிய இடத்தில் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இதில் வரும் பெயர்களை எல்லாம் அவரவர் எழுதும் வண்ணமே எழுதியிருக்கிறேன். என் மாணவர்கள் இதைப் பிழை என்று எண்ண வேண்டா.

கண்ணகி 1968ஆம் ஆண்டு வைத்திக்குப்பத்தில் பிறந்தவர். தந்தை சின்னக்கண்ணு கடலுக்குப் போனார். தாய் அன்னக்கிளி மீன்கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். சனிக்கிழமைகளில் தாயின் பின்னால் தராசைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் கண்ணகி.

“எங்கம்மா ‘மீனு மீனு’ன்னு மட்டும் கூவ மாட்டாங்க ஐயா,” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். “சங்கரா இருக்கு, நெத்திலி இருக்கு, கொழந்தைக்கு முள்ளில்லாத மீனு இருக்கு, நேத்து மீனு இல்ல, காலைல வந்துதுன்னு எல்லாத்தையும் சொல்லுவாங்க. கதவு சாத்தியிருக்கும். உள்ள யாரு இருக்காங்க, புள்ளத்தாச்சியா, காய்ச்சக்காரரா, ஒண்ணும் தெரியாது. கூடையில இன்னா இருக்குன்னு சொல்லாம போனா எதுக்குக் கதவத் தொறப்பாங்க?”

பத்தாம் வகுப்பு முடித்ததும் தட்டச்சு கற்றார். நீதிமன்றத்துக்கு அருகே மரத்தடியில் மேசை போட்டிருந்த கிருஷ்ணசாமி என்னும் மனு எழுதுபவரிடம் எட்டாண்டுகள் வேலை பார்த்தார். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர், “எனக்கில்ல, பக்கத்து ஊட்டுக்காரங்களுக்கு,” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்களாம். கணவன் அடிக்கிறான் என்றாலும் பக்கத்து வீடு. மகன் குடிக்கிறான் என்றாலும் பக்கத்து வீடு. கண்ணகியும் பக்கத்து வீட்டுக்கே பதில் சொல்வார். எல்லாம் கேட்டு முடித்து, மனுவின் அடியில் கையெழுத்திடும்போதுதான் உண்மைப் பெயர் வெளியே வரும். பெயரைக் கேட்காமல் ஒருவருக்கு உதவும் முறையை அவர் அந்த மரத்தடியில் பழகிக்கொண்டார். நானோ முப்பத்தைந்து ஆண்டுகள், வகுப்பில் எழுந்து நிற்கும் மாணவனிடம் முதலில் பெயரைக் கேட்டவன்.

பேருந்து ஓட்டுநரான ராஜாங்கத்தை மணந்து 1995இல் சாரத்துக்கு வந்தார். மன்றத்தில் சேர வந்தபோது உறுப்பினர் பதிவேடு என்னிடம் இருந்தது. நான் எழுதியதைப் பார்த்துவிட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“இன்னா ஐயா, எங்க ஊட்டுக்காரரு பேர ‘இராசாங்கம்’னு போட்டிருக்கீங்க?”

“அதுதாம்மா சரி. ர-வுல தமிழ்ச் சொல் தொடங்காது.”

“அவரே அந்தப் பேருலதான் நாப்பது வருசமா தொடங்கியிருக்காரு ஐயா.”

நானும் சிரித்தேன். ஆனால் திருத்தவில்லை.

2006ஆம் ஆண்டு எங்கள் நகரைச் சேர்ந்த ஆனந்தராஜ் என்னும் கணினிப் பொறியாளர், மன்றத்துக்கென்று ஓர் இணையத்தளம் அமைத்துத் தந்தார். இரத்தம் கொடுப்போர் பட்டியல், குடிநீர், மின்சாரப் புகார்களுக்கான எண்கள், குடும்ப அட்டையில் பெயர் மாற்றும் வழி, குடிப்பழக்கத்திலிருந்து மீட்கும் மையங்களின் முகவரி, பள்ளிச் சேர்க்கை விவரம் எனப் பயனுள்ள செய்திகள் பல அதில் இருந்தன. உறுப்பினர்கள் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டால் அவற்றைப் படிக்கலாம். மற்றவர் திறந்தால், ‘உறுப்பினர் அல்லாதோர்க்கு அனுமதி இல்லை’ என்னும் ஒரே வரி தோன்றும்.

அந்த வரியைக் குறித்துச் செயற்குழுவில் பேச்சை எடுத்தவர் கண்ணகி.

“பூட்டு போடுங்க, வேணாங்கல. உள்ள இன்னா இருக்குன்னாவது வெளிய எழுதிப் போடலாமில்ல?”

செயலாளர் விஜயராகவன் மின்துறையில் கணக்கு அதிகாரியாக இருந்தவர். எதையும் விதிப்படி செய்பவர். “மெம்பரே இல்லாதவனுக்கு எதுக்கும்மா?” என்றார்.

“மெம்பருக்கு ஏற்கெனவே தெரியும் சார். தெரியாம முழிக்கிறவங்க பூராவும் மெம்பரு இல்லாதவங்கதான்.”

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த முதியவர் அரிகிருஷ்ணன் குறுக்கிட்டார். “சந்தா கட்டாம சாப்பாடா?”

“சாப்பாடு இல்ல சார். பந்தி எங்க நடக்குதுன்னு சொல்றது.”

எல்லோரும் சிரித்தார்கள், சிரித்தபடியே ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் உள்ளே என்ன இருக்கிறது, அது யாருக்கு உதவும், உறுப்பினர் அல்லாதவர் யாரைக் கேட்கலாம் என்று சில வரிகளில் விளக்கம் எழுத வேண்டும். அதைப் படிக்கப் பெயர் தர வேண்டியதில்லை. தலைப்புகளை அகரவரிசையில் அடுக்கி, மேலே எழுத்துகளை ஒரு வரிசையாக வைத்து, எழுத்தை அழுத்தினால் அதில் தொடங்கும் தலைப்புகள் தோன்றுமாறு ஆனந்தராஜ் அமைத்தார். எழுதும் பொறுப்பு கண்ணகிக்கு. பிழை பார்த்துக் கொடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அது கூட்டக் குறிப்பேட்டில் ஏறவில்லை. கண்ணகி அச்செடுத்த தாள்களை என் வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் சிவப்பு மையால் திருத்துவேன். அவர் திரும்பத் தட்டச்சு செய்வார்.

அவர் முதலில் எழுதிய விளக்கங்களில் ஒன்று இது: ‘ரத்தம் – நம்ம நகர்ல ரத்தம் குடுக்கறவங்க அறுபத்திரெண்டு பேரு இருக்காங்க. நீங்க மெம்பர் இல்லைன்னாலும் கீழ இருக்கற நம்பருக்குப் போன் பண்ணுங்க. என்ன குரூப்னு தெரியலைன்னாலும் பண்ணுங்க.’

நான் அதை இவ்வாறு மாற்றினேன்: ‘இரத்தம் – குருதிக்கொடையாளர் அறுபத்திருவரின் விவரங்கள் உள்ளன. உறுப்பினர் அல்லாதோர் கீழ்க்காணும் எண்ணைத் தொடர்பு கொள்க. குருதிப்பிரிவு அறியாதோரும் தொடர்பு கொள்ளலாம்.’

இவ்வாறே ‘ரேஷன் கார்டு’ குடும்ப அட்டை ஆயிற்று. ‘ரெட்டியார்பாளையம் பஸ்’ இரெட்டியார்பாளையம் பேருந்து ஆயிற்று. லாஸ்பேட்டை, ‘இலாசுப்பேட்டை’ என்று இகரத்தின் கீழ்ப் போய் அமர்ந்தது. ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வாரா என்பது விதி. பிறமொழிச் சொல்லாயின் முன்னே ஓர் உயிரெழுத்தை இட்டு எழுதுவது மரபு. விதியில் நான் தவறவில்லை. இன்றும் அதில் எனக்கு ஐயமில்லை.

“எல்லாரும் ரத்தம்னுதான ஐயா சொல்றாங்க?” என்று கேட்டார் கண்ணகி.

“சொல்றது வேற, எழுதறது வேறம்மா.”

“தேடறவங்க சொல்ற மாதிரிதான தேடுவாங்க?”

“தேடும்போது கத்துக்குவாங்க.”

என் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை. ஒன்றையும் மாற்றாமல் எழுதுகிறேன்.

இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்தார். ஆனந்தராஜ் அதற்குள் பெங்களூருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். தளத்தில் சேர்க்கவும் நீக்கவும் கண்ணகிக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.

“ஐயா, ர-வுலயும் ல-வுலயும் ஒண்ணுமே இல்லாம போயிடுச்சு. அழுத்துனா வெறும் பக்கம் வருது. அந்த ரெண்டு எழுத்த எடுத்துட்டா வரிசையே கலைஞ்சிடும்னு ஆனந்தராஜு போன்ல சொல்றாரு. இன்னா போடறது?”

நான் தாளை வாங்கி, அதன் ஓரத்தில் எழுதினேன்: ‘தமிழ்ச் சொற்கள் இவ்வெழுத்தில் தொடங்கா.’ எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். சுருக்கமாகவும் பிழையின்றியும் இருந்தது. மகிழ்ந்தேன்.

கண்ணகி அதை இரண்டு முறை படித்தார். “கீழ, ‘இ-யில பாருங்க’ன்னு ஒரு வரி சேத்துடவா?”

“வேணாம்மா. விதி தெரிஞ்சவங்களுக்கு அது தானாப் புரியும்.”

“சரிங்க ஐயா,” என்று அவர் தாளை மடித்துக்கொண்டு போனார்.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பெயரில்லாமல் வந்து படிப்பவர்களின் எண்ணிக்கை தளத்தின் அடியில் தெரியும். அது ஏறிக்கொண்டே இருந்தது. ‘குடிப்பழக்கம்’ என்னும் தலைப்பை மிகுதியானோர் படிப்பதாகக் கண்ணகி என்னிடம் ஒருமுறை மகிழ்ச்சியோடு சொன்னார். “எல்லாம் பக்கத்து ஊட்டுக்காரங்கதான் ஐயா,” என்று கண்ணைச் சிமிட்டினார்.

2008ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். வருகையாளர் கருத்தெழுதும் பக்கத்தில் ஒரு செய்தி இருந்தது. பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டியிருந்தார். நான் தமிழெழுத்தில் தருகிறேன்.

‘ரத்தம் வேணும்னு உங்க வெப்சைட்டுல ர-வ அழுத்துனேன். தமிழ்ச் சொற்கள் இவ்வெழுத்தில் தொடங்கான்னு வந்துது. என் சம்சாரம் ஆபரேசன் தியேட்டர்ல இருக்கு. ஆசுபத்திரி எதிர்ல பிரவுசிங் சென்டர்ல உக்காந்து அடிக்கிறேன். அதுக்குப் போற ரத்தம் எந்த எழுத்துல தொடங்கும்னு எனக்குத் தெரியல. ரொம்ப நன்றி.’

அவர் எழுதியது ஒரு திங்கட்கிழமை முற்பகல் பதினொன்றேகாலுக்கு. நாங்கள் பார்த்தது வியாழக்கிழமை.

ஞாயிறன்று செயற்குழு கூடியது. விஜயராகவன் அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் செய்தியை உரக்கப் படித்தார்.

“யாரு இத எழுதுனது? ‘தொடங்கா’ன்னு?” என்று கேட்டவர், என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் ஐயம் இருந்தது. அதைவிட மரியாதை மிகுதியாக இருந்தது. “ஐயா, நீங்க எழுதிக் குடுத்ததா?”

“நான் பிழை மட்டுமே திருத்தினேன்,” என்றேன்.

அவ்வளவுதான். அந்த வாக்கியத்தில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் முறையாக இருந்தன. உண்மைதான் இல்லை.

கண்ணகி என்னைப் பார்த்தார். மடியில் இருந்த கைப்பையின் மேல் அவர் இரண்டு கைகளும் இருந்தன. ஏதோ எடுக்கப் போகிறார் என்று எண்ணினேன். எடுக்கவில்லை. “டைப் பண்ணது நான்தான் சார்,” என்றார்.

“ஐயா பாத்துக் குடுத்தது சரியாத்தான் இருக்கும். நீங்க எதையோ எங்கயோ மாத்திப் போட்டுட்டீங்க. இதுக்குத்தாம்மா அப்பவே சொன்னேன், பேரு இல்லாதவனுக்கெல்லாம் தொறந்து உட்டா, நமக்குத்தான் கெட்ட பேரு,” என்றார் விஜயராகவன்.

விளக்கங்களை நீக்கிவிட்டுப் பழைய வரியையே வைப்பதென்று முடிவாயிற்று. தளப்பொறுப்பிலிருந்து கண்ணகியை விடுவிப்பதென்றும் முடிவாயிற்று. அவர் கடவுச்சொல் எழுதிய சீட்டைச் செயலாளரிடம் கொடுத்தார். “விளக்கத்தையாவது வச்சிருங்க சார். என்ன எடுத்துடுங்க, அத வச்சிருங்க,” என்று ஒருமுறை கேட்டார். செயலாளர் சீட்டைக் கோப்பில் செருகினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு வாரங்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். இறங்கியது. நாளிதழ் படித்தேன், கடற்கரையில் நடந்தேன். ஆனால் நடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி உடன் நடந்தது. அந்தப் பெண் பிழைத்தாரா? செய்தி எழுதியவர் பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, எந்த ஆசுபத்திரி என்றுகூடச் சொல்லவில்லை. என் முப்பத்தைந்தாண்டுப் பழக்கத்தில் ஒருவரைப் பற்றி அறிய வேண்டுமானால் பெயரிலிருந்துதான் தொடங்குவேன். இங்கே தொடங்க இடமே இல்லை.

ஒருநாள் காலை, பேருந்தேறி ஓர் ஆசுபத்திரியின் இரத்த வங்கிக்குப் போனேன். அந்தச் சிறிய சன்னலுக்குமுன் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என் முறை வந்தது.

“பேசண்ட் பேரு?” என்றார் உள்ளே இருந்த பெண்.

“தெரியாதும்மா.”

“வார்டு?”

“தெரியாது.”

“என்னைக்கு அட்மிட் ஆனாங்க?”

“போன மாசம் ஒரு திங்கட்கிழமை ஆபரேசன் நடந்துது. ரத்தம் கெடைச்சுதான்னு…”

“பெரியவரே, தெனம் பத்து ஆபரேசன் நடக்குது. நீங்க யாரு அவங்களுக்கு?”

பின்னாலிருந்த ஒருவர், “கேட்டுட்டு நகருப்பா,” என்றார். அப்பெண்ணே மறுபடியும் கேட்டார்: “ஒங்க பேராவது சொல்லுங்க, எழுதி வக்கிறேன்.”

என் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், ஏன் தேடுகிறீர்கள் என்று கேட்பார். “பரவாயில்லம்மா,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில், எதிரே, ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. இதுதானோ, வேறோ, தெரியாது. அதன் படியில் ஒரு மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒன்றும் கேட்காமல் கடந்து போனேன். அதற்காகவும் வருந்துகிறேன்.

அங்கிருந்து நேரே கண்ணகியின் கடைக்குப் போனேன். அவர் யாருக்கோ சாதிச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். “கொஞ்சம் இருங்க ஐயா,” என்றார். முன்பெல்லாம் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். அன்று போடவில்லை. ஆள் போனதும் என்னை நோக்கி நின்றார்.

“அன்னைக்கு நான் பொய் சொன்னேன்மா,” என்றேன்.

“தெரியுங்க ஐயா.”

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். மேலேயே இருந்தது அந்தத் தாள். ஓரத்தில் என் கையெழுத்து, சிவப்பு மை. எழுத்துகள் அழகாகத்தான் இருந்தன.

“அன்னைக்கும் இது பையிலதான் இருந்துது,” என்றார்.

“ஏம்மா காட்டல?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

வெளியே யாரோ வண்டியை நிறுத்தி, ‘போட்டோ லாமினேசன் உண்டா’ என்று கேட்டார். கண்ணகி, “இல்லண்ணா, மேல்புறம் நாலாவது கடை,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். இப்போது அவர் குரல் மாறியிருந்தது.

“நீங்க மட்டும்னு நெனைக்காதீங்க. ஆசுபத்திரியில நிக்கிறவன் இ-ன்னு போட்டுத் தேட மாட்டான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அடிச்சேன். ஒரு வரி சேத்திருந்தா நீங்க பாத்திருக்கக்கூட மாட்டீங்க. ஐயா சொல்லிட்டாங்களேன்னு அடிச்சேன். ஒங்க மேல வச்ச மரியாதையில அடிச்சேன். அந்த மரியாதைய எடுத்துக்கினு போயி யாருக்கு ஏத்துறது, சொல்லுங்க?”

அவர் தன்மேல் ஏற்றுக்கொண்ட பங்கால் என் பங்கு குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை. அவர் கேட்டார், நான் மறுத்தேன். வரிசை அதுதான்.

“மன்னிச்சிடும்மா,” என்றேன்.

“எனக்கு அதெல்லாம் வேணாங்க ஐயா. கதவச் சாத்திட்டாங்க. அதத் தொறக்கச் சொல்லுங்க. இப்பவும் எவனாவது ஒருத்தன் வந்து, அனுமதி இல்லன்னு படிச்சிட்டுப் போயிக்கினு இருப்பான்.”

ஏப்ரல் மாத ஞாயிறு ஒன்றில் மன்றத்தின் பொதுக்குழு கூடியது. நூற்றிருபது பேர் இருப்பார்கள். அவர்களுள் முப்பது பேராவது என்னிடம் படித்தவர்கள், அல்லது என்னிடம் படித்தவர்களின் பெற்றோர். நான் எழுந்து, கண்ணகியிடம் வாங்கிவந்த தாளைக் காட்டினேன். ‘ர’ என்னும் எழுத்தின் பக்கத்தில் இருந்த வரி என்னுடையது என்றேன். வழிகாட்டும் வரி ஒன்றைச் சேர்க்கக் கண்ணகி கேட்டதையும், நான் வேண்டாமென்றதையும் சொன்னேன். செயற்குழுவில் நான் சொன்ன விடை பொய் என்றேன்.

விஜயராகவன் சங்கடப்பட்டார். “ஐயா, பழசு எதுக்கு இப்ப? வயசுல பெரியவங்க. உக்காருங்க.”

“உக்கார மாட்டேன். குறிப்பேட்டில் இத எழுதுங்க.”

‘ஐயா’ என்பதற்குப் பிரெஞ்சுச் சொல்லையே வழங்கும் அரிகிருஷ்ணன் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். “என்னா முசியே, ஒத்தப் புள்ளி உட்டதுக்கே எம் மவனுக்கு ரெண்டு மார்க்கு கொறச்சீங்க. இதுக்கு எவ்ளோ கொறைக்கலாம்?”

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு எனக்கு ஒருவகையில் எளிதாகவே இருந்தது. ஆனால் அடுத்து எழுந்தவர் வினோதா. என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவர், இப்போது செவிலியர். அவர் சிரிக்கவில்லை.

“அந்தம்மா பொழைச்சாங்களா ஐயா?”

“தெரியலம்மா.”

“விசாரிச்சீங்களா?”

“விசாரிச்சேன். பேரு தெரியாம விசாரிக்க முடியல.”

அவர் உட்கார்ந்துவிட்டார்.

விளக்கங்களை எல்லோருக்கும் மீண்டும் திறப்பதென்று கைதூக்கி முடிவு செய்தார்கள். கண்ணகியை மறுபடியும் பொறுப்பேற்குமாறு விஜயராகவனே கேட்டார். கண்ணகி உடனே சரி என்று சொல்லிவிடவில்லை.

“ஏத்துக்கறேன் சார். ஆனா நான் எழுதறத யாரும் திருத்தக் கூடாது. கடைக்கு வர்றவங்ககிட்ட, இத நீங்க எப்பிடித் தேடுவீங்கன்னு கேட்டுட்டுத்தான் பேரு வைப்பேன். பத்துப் பேரு பத்து மாதிரி சொன்னா, பத்துலயும் போடுவேன். அசிங்கமா இருக்கேன்னு யாரும் சொல்லக் கூடாது.”

“ஐயா?” என்று விஜயராகவன் என்னைப் பார்த்தார்.

“என்னக் கேக்காதீங்க,” என்றேன்.

இப்போது தளத்தில் அதே செய்தி ‘ரத்தம்’, ‘இரத்தம்’, ‘பிளட்’, ‘குருதி’ என்று நான்கு இடங்களில் இருக்கிறது. நான்கிலும் ஒரே தொலைபேசி எண். ஒற்றுப் பிழைகள் உள்ளன. நான் எண்ணிப் பார்க்கிறேன், சொல்வதில்லை.

அந்த வாரமே கண்ணகி என்னைக் கடைக்கு வரச் சொன்னார். பெயரில்லாமல் எழுதியவருக்கு விடை எழுத வேண்டும் என்றார். நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். ‘அன்புடையீர், தங்கள் இடர்மிகு வேளையில் எம் தளம் தங்களுக்குப் பயன்படாமற்போனமைக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று தொடங்கியது அது. அவர் முதல் வரியைப் படித்துவிட்டுத் தாளை என்னிடமே நீட்டினார்.

“‘கிறோம்’னா யாரு ஐயா? நாங்க எல்லாருமா?”

நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பிறகு வாயால் சொன்னேன்; அவர் தட்டினார். ‘அந்த வரியை எழுதியவன் நான். நீங்கள் தேடியது இன்னொரு பக்கத்தில் இருந்தது. நீங்கள் தேட வேண்டிய இடத்தில் அது இல்லாமல் போனதற்கு நானே காரணம். உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்கள் என்று சொல்ல விருப்பமிருந்தால் சொல்லுங்கள். திட்ட வேண்டும் என்றாலும் கூப்பிடுங்கள்.’

“பேரு போடவா?” என்று கேட்டார். “போடணும்னு கட்டாயம் இல்ல. சும்மா உட்டாலும் போயிடும்.”

“போடும்மா. காசிலிங்கம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.”

“போன் நம்பரு?”

“அதையும் போடு.”

“கண்டவங்களும் கூப்பிடுவாங்க ஐயா.”

“கூப்பிடட்டும்.”

கூப்பிடுகிறார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஓராண்டில் பலர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் மூலக்குளத்தில் வாடகைக்கு வீடு இருக்குமா என்று கேட்டார். ஒரு பெண், பக்கத்து வீட்டுக்காரரின் மகனுக்குக் குடியை நிறுத்த எங்கே போவது என்று கேட்டார். மூன்று முறை இரத்தம் கேட்டு அழைப்பு வந்தது. மூன்று முறையும் ஆள் அனுப்பினோம். எவர் கூப்பிட்டாலும் நான் முதலில் பெயர் கேட்பதில்லை. என்ன வேண்டும் என்று கேட்கிறேன்.

அவர் மட்டும் கூப்பிடவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம், அவராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவராக இருந்தால் என்ன சொல்வாரோ என்று அஞ்சவும் செய்கிறேன்.